கணக்கு வருகிறது, கருத்துக் கேள்வி சறுக்குகிறது: விசையை எப்படி யோசிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது. உராய்வே இல்லாத மேசைமேல் 1 கிலோ கட்டை ஒன்று இருக்கிறது. அதில் கட்டிய நூலை ஒரு தடவை கையால் 10 நியூட்டன் விசையோடு இழுக்கிறோம். இன்னொரு தடவை அதே நூலை மேசை ஓரத்தில் இருக்கும் கப்பி வழியாகக் கீழே விட்டு, முனையில் 1 கிலோ கல்லைக் கட்டித் தொங்கவிடுகிறோம். கல்லின் எடையும் ஏறக்குறைய 10 நியூட்டன்தான். எந்தத் தடவை கட்டையின் முடுக்கம் அதிகம்? ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று எழுதினீர்கள், தப்பாகிவிட்டது. நண்பர் ஒருவர் விசைகளை அம்புகளாகக் காட்டும் விசைப்படம் வரைந்து சரியாகச் சொன்னார். இன்னொருவர் ‘கல்லை ஆயிரம் கிலோ ஆக்கிப் பாரேன்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சமன்பாடு போட்டால் உங்களுக்கு எல்லாமே வருகிறது, எண் இல்லாத கேள்வி வந்தால் மட்டும் சறுக்குகிறது. இதில் எது சரியான முறை, எதைப் பழகுவது?

நண்பர்கள் இரண்டு பேரும் சரி. இன்னும் இரண்டு பேர் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வழியில் சொல்லியிருப்பார்கள். ‘சரியான முறை’ என்று ஒன்றைத் தேடுவதே உங்களைச் சறுக்கவிடுகிறது என்று நினைக்கிறேன். ஒரே கேள்வியை இரண்டு வழியில் யோசித்து, இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பதைத்தான் பழக வேண்டும். உங்கள் கட்டையையே எடுத்துக்கொள்வோம்.

முதல் வழி, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது. கல் தொங்கும்போது அந்த 10 நியூட்டன் கட்டையை மட்டும் நகர்த்தவில்லை, கல்லையும் சேர்த்து நகர்த்துகிறது. மொத்தம் 2 கிலோ, ஆகவே முடுக்கம் 5 மீ/வி². கையால் இழுத்தபோது அதே 10 நியூட்டனுக்கு 1 கிலோதான் சுமை, ஆகவே 10 மீ/வி². முடிந்தது. வேகமான வழிதான், ஆனால் நூலுக்குள் என்ன நடக்கிறது என்று இது வாயே திறக்காது.

இரண்டாவது வழி, பிரித்துப் பார்ப்பது. கல்லை மட்டும் பாருங்கள். அது கீழே முடுக்கத்தோடு இறங்குகிறது என்றால் அதன்மேல் கீழ்நோக்கிய விசை மேல்நோக்கிய விசையைவிட அதிகமாக இருக்க வேண்டும். கீழே இழுப்பது பூமி, 10 நியூட்டன். மேலே இழுப்பது நூல். ஆக நூலின் இழுவிசை 10-க்குக் குறைவு. இப்போது கட்டைக்கு வாருங்கள். கட்டைக்குக் கல்லைத் தெரியாது, நூலை மட்டும்தான் தெரியும். நூல் 10-க்குக் குறைவாக இழுத்தால் கட்டையின் முடுக்கமும் 10-க்குக் குறைவாகத்தான் இருக்கும். ஒரு எண்கூடப் போடாமல் விடை வந்துவிட்டது.

மூன்றாவது, உங்கள் இரண்டாவது நண்பரின் வழி. எண்ணை ஓரத்துக்குத் தள்ளிப் பார்ப்பது. கல் ஆயிரம் கிலோ ஆனாலும் அது வெறுமனே கீழே விழுவதைவிட வேகமாக விழ முடியாது, ஆகவே கட்டையின் முடுக்கமும் ஈர்ப்பு முடுக்கத்தைத் தாண்டாது. ஆனால் யாரோ ஒரு ராட்சசன் கையால் 10,000 நியூட்டன் கொடுத்து இழுத்தால் கட்டையின் முடுக்கம் 10,000 மீ/வி². ஆக இரண்டும் ஒன்றாக இருக்கவே முடியாது. உங்கள் நண்பர் இங்கே நிறுத்திவிட்டார். எதிர்ப்பக்க ஓரத்துக்கும் போயிருக்கலாம், எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். கல்லை 10 கிராம் ஆக்குங்கள், எடை 0.1 நியூட்டன். கையால் அதே 0.1 நியூட்டன் கொடுத்தால் முடுக்கம் 0.1, கல்லைத் தொங்கவிட்டால் 0.099. கிட்டத்தட்ட ஒன்றேதான்! நீங்கள் எழுதிய விடை இந்த மூலையில் பலிக்கிறது. கல் கனக்கக் கனக்க மோசமாகிறது. அதாவது உங்கள் தப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று இது காட்டிக்கொடுத்துவிடுகிறது: கல்லுக்கும் நிறை உண்டு, அதையும் யாராவது முடுக்கியாக வேண்டும் என்பதை விட்டுவிட்டீர்கள்.

நான்காவது, தப்பான விடையைச் சரி என்றே வைத்துக்கொண்டு அதை மாட்டிவிடுவது. இழுவிசை 10 நியூட்டன் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது கல்லின்மேல் நிகர விசை சுழியம், கல் முடுக்கம் பெறாது. ஆனால் கட்டையை 10 நியூட்டன் இழுக்கிறது, கட்டை முடுக்கம் பெறும். இரண்டும் நீளாத ஒரே நூலில் கட்டியவை. ஒன்று முடுக்கம் பெற்று இன்னொன்று பெறாமல் எப்படி?

சரி, இந்தத் தப்பு ஏன் இவ்வளவு இயல்பாக வருகிறது? ‘கல்லின் எடை நூல் வழியாகக் கட்டைக்குப் போகிறது’ என்று மனசுக்குள் ஒரு படம் ஓடுகிறது. விசையைக் குழாயில் ஓடும் தண்ணீர் மாதிரி நினைத்துக்கொள்கிறோம், ஒரு முனையில் ஊற்றினால் மறுமுனையில் அப்படியே வரும் என்று. ஆனால் விசை என்பது ஒரு பொருளிடம் இருப்பதோ, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதோ இல்லை. இரண்டு பொருட்களுக்கு நடுவே நடப்பது அது. அதனால் எந்த விசையைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்க வேண்டியது: யார், யார்மேல்? எடை என்பது பூமி கல்லின்மேல் செலுத்துவது. கட்டையின்மேல் செலுத்துவது இல்லை. இந்த ஒரு கேள்வியைப் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் பாதிச் சறுக்கல்கள் காணாமல் போய்விடும்.

மேலே எறிந்த பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கையை விட்டுக் கிளம்பி மேலே போய்க்கொண்டிருக்கிறது. அதன்மேல் என்னென்ன விசை? பலர் மேல்நோக்கி ஓர் அம்பு வரைவார்கள், ‘எறிந்த விசை’ என்று பெயரும் வைப்பார்கள். யார் கொடுப்பது? கை விட்டாயிற்று. காற்றா? அது பந்தின் போக்குக்கு எதிராகத்தான் தள்ளும். கொடுப்பதற்கு ஆள் இல்லை, ஆகவே அந்த விசையும் இல்லை. காற்றை விட்டுவிட்டால் பூமியின் இழுப்பு மட்டுமே மிச்சம், மேலே போகும்போதும், உச்சியிலும், கீழே வரும்போதும். உச்சியில் திசைவேகம் சுழியம் என்பதால் முடுக்கமும் சுழியம் என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன நான்காவது வழியை எடுங்கள்: அந்தக் கணத்தில் முடுக்கம் இல்லையென்றால் திசைவேகம் சுழியத்திலேயே நின்றுவிடும், பந்து வானத்தில் தொங்க வேண்டியதுதான்.

இந்த ‘எறிந்த விசை’யை நினைத்து வெட்கப்பட ஒன்றுமில்லை. பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த தத்துவ அறிஞர் ழான் புரிடான் இதை ஒரு கொள்கையாகவே வளர்த்தெடுத்தார்: எறிபவர் பொருளுக்குள் ஓர் உந்துதலைப் பதித்துவிடுகிறார், அதுதான் பொருளைத் தொடர்ந்து நகர்த்துகிறது என்று. நூற்றாண்டுகள் நின்ற கருத்து. இளவயதில் கலிலியோவும் ஏறக்குறைய இப்படித்தான் யோசித்தார். நியூட்டன் தன் இயக்க விதிகளை எழுதிய பிரின்சிபியா என்ற புத்தகம் வந்தது 1687-ல். பெரிய மூளைகளுக்கே அவ்வளவு காலம் பிடித்ததை ஒரு பருவத்தில் உதறிவிட முடியாது.

1992-ல் டேவிட் ஹெஸ்டனஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் விசையைப் பற்றி மட்டும் ஒரு தேர்வை வெளியிட்டார்கள். கணக்கே கிடையாது, எல்லாம் இந்த மாதிரிக் கேள்விகள்தான். தப்பான விடைகளையும் சும்மா எழுதாமல், மாணவர்கள் உண்மையில் நம்புகிறவற்றிலிருந்தே எடுத்து வைத்தார்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் இந்தத் தேர்வின் முந்தைய வடிவத்தைத் தன் வகுப்பில் வைத்தபோது மாணவர் ஒருவர் கேட்டாராம்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா? எனக்கு இது சிரிப்பாகத் தெரியவில்லை, நேர்மையான கேள்வியாகவே படுகிறது. உங்கள் தலையிலும் இரண்டு இயற்பியல் ஓடுகின்றன. சமன்பாடு போடும்போது ஒன்று, போடாதபோது இன்னொன்று.

அதற்காக உள்ளுணர்வைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பல புத்தகங்கள் அங்கேதான் அவசரப்படுகின்றன. பத்து டன் லாரியும் ஒரு டன் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மேல் அதிக விசை செலுத்துகிறது? லாரிதான் என்று மனசு சொல்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி சமம் என்கிறது. இங்கே ‘மனசு தப்பு, விதி சரி’ என்று முடித்தால் விதி ஏட்டில் நின்றுவிடும், மனசு தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும். அதைவிட, உங்கள் உள்ளுணர்வு எதைப் பற்றிப் பேசுகிறது என்று அதனிடமே கேளுங்கள். ‘கார்தான் அதிகம் அடிபடும்’ என்கிறது அது. உண்மைதானே! விசை சமம், காரின் நிறை பத்தில் ஒரு பங்கு, ஆகவே காரின் முடுக்கம் பத்து மடங்கு. உள்ளே இருக்கும் ஆளைக் குலுக்கி எறிவது அந்த முடுக்கம். உள்ளுணர்வு பார்த்தது சரியான விஷயம், அதற்கு ‘விசை’ என்று தப்பான பெயர் வைத்துவிட்டது, அவ்வளவுதான். பெயரை மாற்றிக்கொடுத்தால் அதுவே உங்களுக்கு வேலை செய்யும்.

மேசைமேல் புத்தகமும் இப்படித்தான். ‘மேசை எப்படித் தள்ளும், அது சும்மா தடுக்கிறது’ என்று பலருக்கும் தோன்றும். ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர் இதற்குப் படிப்படியாகப் பாலம் கட்டிப் பார்த்தார். சுருள்வில்லை உள்ளங்கையால் அமுக்கினால் அது திருப்பித் தள்ளுவதை ஒத்துக்கொள்கிறீர்களா? அதே வில்லின்மேல் புத்தகத்தை வைத்தால்? மெல்லிய பலகையின்மேல் வைத்து அது வளைந்தால்? பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிமனாக்கிக்கொண்டே போனால் எந்த இடத்தில் அது தள்ளுவதை நிறுத்தும்? அப்படி ஓர் இடம் கிடையாது. மேசை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, அவ்வளவே. ஓரத்துக்குத் தள்ளும் வழியின் உறவுக்காரன்தான் இதுவும். ஒரு முனையில் தெளிவாக இருப்பதைத் தெளிவில்லாத முனை வரை அறுந்துபோகாமல் இழுத்து வருவது.

இங்கே ஒரு கிளைப்பேச்சு. புத்தகத்தின் எடையும் மேசை அதை மேலே தள்ளும் செங்குத்து விசையும் சமமாக இருப்பதைப் பார்த்து இவை மூன்றாம் விதி ஜோடி என்று எழுதாதீர்கள். இரண்டும் ஒரே புத்தகத்தின்மேல் செயல்படுகின்றன. ஜோடி என்றால் ‘யார், யார்மேல்’ என்பதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். பூமி புத்தகத்தை இழுக்கிறது என்றால் ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. மேலேறத் தொடங்கும் லிஃப்டுக்குள் புத்தகத்தை வைத்தால் செங்குத்து விசை எடையைவிட அதிகமாகிவிடும், ஜோடிகளோ அப்போதும் சமமாகவே இருக்கும்.

மாட்டிவிடும் வழிக்கு எனக்குத் தெரிந்து மிக அழகான உதாரணம் ஃபிளெமிஷ் கணித அறிஞர் சைமன் ஸ்டெவினுடையது. 1586-ல் எழுதினார், நியூட்டனுக்கு நூறு வருடம் முன்னால். கேள்வி: ஒரு பக்கம் நீளமாகச் சாய்ந்தும் மறுபக்கம் பாதி நீளத்தில் அதைவிடச் சரிவாக இறங்கியும் இருக்கும் முக்கோணத்தின் இரு பக்கமும் குண்டுகளை வைத்தால் எந்த விகிதத்தில் சமநிலை? விசைகளைக் கூறு பிரிக்கும் கலையெல்லாம் அப்போது கைக்கு வரவில்லை. அவர் 14 குண்டுகளைச் சம இடைவெளியில் கோத்து ஒரு வளையமாக முக்கோணத்தின்மேல் போட்டார், மனசுக்குள்தான். நீளப் பக்கத்தில் 4 குண்டு, குட்டைப் பக்கத்தில் 2, மீதி 8 அடியில் தோரணம் மாதிரி தொங்குகின்றன. வளையம் தானாக வழுக்குமா? வழுக்கினால் ஒரு குண்டு போன இடத்துக்கு அடுத்தது வரும், நிலைமை அப்படியே இருக்கும், மறுபடி வழுக்கும். முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது நடக்காது. ஆகவே வளையம் அசையாது. அடியில் தொங்கும் 8 குண்டும் இரு பக்கமும் ஒத்த வடிவில் தொங்குவதால் இரண்டு முனையையும் சமமாக இழுக்கின்றன, வெட்டி எடுத்தாலும் சமநிலை கெடாது. மிச்சம்: நீளப் பக்கத்து 4 குண்டு குட்டைப் பக்கத்து 2 குண்டைத் தாங்குகிறது. சாய்தளத்தின் விதி கையில் வந்துவிட்டது. ஒரு விசை அம்புகூட வரையவில்லை!

சுருள்வில் தராசுக் கேள்வியை வேகமாகப் பார்த்துவிடலாம். தராசைப் படுக்க வைத்து இரு முனையிலும் கப்பி வழியாக 100 நியூட்டன் எடை தொங்கினால் அது காட்டுவது 200-ஆ, சுழியமா? இரண்டும் இல்லை, 100. ஒரு பக்கத்து எடையை எடுத்துவிட்டு அந்த முனையைச் சுவரில் கட்டுங்கள். தராசு நகராமல் இருக்கச் சுவர் இழுக்க வேண்டியது அதே 100. சுவரா எடையா என்று தராசுக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்றின் இடத்தில் அதே விசை தரும் இன்னொன்றை வைத்துப் பார்ப்பது சின்ன உத்திதான், ஆனால் நிறையச் சிக்கலை அவிழ்க்கும்.

நிற்கும் இடத்தை மாற்றிப் பார்ப்பது இன்னொரு வழி, இதில் கவனம் தேவை. கண்ணாடியெல்லாம் மூடிய காருக்குள் ஹீலியம் பலூன் ஒன்று தரையில் கட்டிய நூலில் மிதக்கிறது. கார் முன்னோக்கி முடுக்கம் பெறும்போது உங்கள் முதுகு இருக்கையில் அழுந்துகிறது. பலூன் எந்தப் பக்கம் சாயும்? பின்னால் என்று தோன்றும். முன்னால்தான் சாயும். காருக்குள் உட்கார்ந்து யோசித்தால்: பின்னோக்கி ஒரு போலி விசை சேர்வதால் ‘கீழ்’ என்பதே பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஹீலியம் பலூன் எப்போதும் ‘கீழு’க்கு எதிர்ப்பக்கம் போகும், ஆகவே முன்னால். சாலையோரம் நின்று யோசித்தால்: காருக்குள் இருக்கும் காற்றையும் யாராவது முன்னோக்கி முடுக்க வேண்டும், அதனால் பின்பக்கக் காற்றில் அழுத்தம் கொஞ்சம் அதிகம், முன்பக்கம் குறைவு. பலூன் இருக்கும் இடத்தில் காற்றே இருந்திருந்தால் அந்த அழுத்த வித்தியாசம் காற்றைக் காரோடு சேர்த்துக் கொண்டுபோகச் சரியாகப் போதும். பலூன் அந்தக் காற்றைவிட இலேசு, ஆகவே காரையே முந்தப் பார்க்கிறது. இரண்டு கதையும் ஒரே விடை. ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது. போலி விசைக்குக் கொடுப்பவர் இல்லை, ‘யார், யார்மேல்’ கேள்வியில் அது தோற்றுவிடும். காருக்குள் உட்கார்ந்தவர் மட்டும் தெரிந்தே அதற்கு விலக்கு கொடுக்கிறார். பாதி வழியில் காரிலிருந்து இறங்கிவிட்டு அந்த அம்பையும் கையோடு எடுத்து வந்தால் குழப்பம்தான்.

பழகுவது எப்படி என்று கேட்டீர்கள். கேள்வியைப் படித்ததும் படம் வரையாதீர்கள். முதலில் தோன்றும் விடையையும், ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் விசைப்படம், ஒவ்வோர் அம்புக்கும் பக்கத்தில் கொடுப்பவர் பெயரோடு. பெயர் எழுத முடியாத அம்பை அடித்துவிடுங்கள். நகரும் திசையில் ஓர் அம்பு வேண்டும் என்று கை துறுதுறுக்கும், விடாதீர்கள். உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிர் என்ற வாசகத்தையும் மறந்துவிடுங்கள். முடுக்கம் பெறும் லாரியின்மேல் இருக்கும் பெட்டியை முன்னோக்கித் தள்ளுவது உராய்வுதான். கடைசியில் வேறு ஏதாவது ஒரு வழியில் அதே விடை வருகிறதா பாருங்கள். வராவிட்டால் நல்லது, அன்றைக்கு ஏதோ கற்கப் போகிறீர்கள்.

படம் வரைவதே சிரமமாகிவிடும் கேள்வி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வேலை-ஆற்றல் வழி எங்கே கைகொடுக்கும் என்பதற்காக. சைக்கிளை நேராக நிறுத்தி, விழாமல் ஒருவர் இலேசாகப் பிடித்துக்கொள்கிறார். ஒரு பெடல் அடியில் இருக்கிறது. அந்தப் பெடலில் கயிற்றைக் கட்டிப் பின்னோக்கி இழுக்கிறீர்கள். மிதிக்கும்போது அடிப்பெடல் பின்னோக்கித்தான் போகும், ஆகவே சைக்கிள் முன்னே போகும் என்று தோன்றும். சங்கிலி, பற்சக்கரம், டயரின் உராய்வு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிக் கழிக்கலாம், பக்கம் நிறையும். அதற்குப் பதில் இப்படி: நின்றிருந்த ஒன்று என் இழுப்பால் கிளம்பினால் என் விசை அதன்மேல் வேலை செய்திருக்க வேண்டும், அதாவது நான் பிடித்த இடம் தரையைப் பொறுத்து என் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். சைக்கிள் முன்னே போனால் அடிப்பெடல் சைக்கிளைப் பொறுத்துப் பின்னே போகும், உண்மைதான். ஆனால் சாதாரண சைக்கிளில் பெடல் பின்னே போகும் வேகத்தைவிடச் சைக்கிள் முன்னே போகும் வேகம் அதிகம். ஆகவே தரையைப் பொறுத்து அந்தப் பெடலும் முன்னேதான் போகும், என் இழுப்புக்கு எதிராக. அது நடக்காது. சைக்கிள் பின்னால்தான் வரும். நம்பாவிட்டால் இழுத்துப் பாருங்கள், பெடல் தலைகீழாகச் சுற்றிக்கொண்டே உங்களிடம் வரும்.